கிளிவியா லில்லி தவறாமல் பூக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வீட்டுத் தோட்டங்களில் பலர் கிளிவியா லில்லியை நேர் வெயிலில் நட்டுவிட்டு, இலை கருகியதும் தண்ணீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றிவிடுகிறார்கள். டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டால் மாகாணக் காடுகளின் மரநிழலில், உதிர்ந்த இலைமக்கில் வளர்வதே இதன் இயல்பு என்பதால், மாமரத்தடியில், நீர் தேங்காத இடத்தில், இலைகள் கிளம்பும் கழுத்துப்பகுதி மண்ணுக்குள் புதையாதவாறு நடுங்கள். இங்கே குளிர்காலமான மே முதல் ஜூலை வரை தண்ணீரைப் பெரிதும் குறைத்து, மொட்டுத்தண்டு தலைகாட்டிய பின் மீண்டும் ஊற்றிவந்தால், வசந்தத்தில் செம்மஞ்சள் பூக்கொத்து நிமிர்ந்து நிற்கும். அந்தக் குளிர்கால ஓய்வு கிடைக்காத செடியில் தண்டு நீளாமல், பூ இலைகளுக்கிடையிலேயே சிக்கிக்கொள்ளும். 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மகள் சார்லட்டை முன்னிட்டே இச்செடியினத்துக்குப் பெயரிட்டார்கள் என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி. கருமையில் மஞ்சள் பட்டை ஓடும் லில்லிப் புழு இலைக்குள் துளைத்திறங்கினால் அடித்தண்டே அழுகிவிடும். ஆகவே கோடை மாலைகளில் இலைகளைப் புரட்டிப் பார்த்து, புழுக்களைக் கையாலேயே பொறுக்கி அகற்றுங்கள்.