ஸ்ட்ரைக்கர் பிஸ்டலை ரேஞ்சில் எடை போடுவது எப்படி

போன ஆனியில் என் தங்கச்சி மகன் லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தான். மத்தியப் படையில் இருக்கிறான். அவன் பிரிவுக்குப் புதுசாக ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் வந்திருக்கிறது, வெளியே ஹேமர் இல்லாமல் உள்ளே இருக்கும் ஊசியே தோட்டாவைக் குத்தும் ரகம். சுட்டுப் பார்த்துக் குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு அவனுக்கு. "மாமா, பத்து ரவுண்டு சுட்டுட்டு நல்லாருக்குன்னு எழுத மனசு வரல. எதைப் பாக்கணும்னு சொல்லுங்க" என்றான். இருபத்தோரு வருஷம் கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆர்மரராக இருந்தவன் நான். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதுதான் இது.

9 மி.மீ. பிஸ்டல் நம் நாட்டில் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது, தடை செய்யப்பட்ட ரகம். அதனால் இது முதலில் சீருடையில் இருப்பவர்களுக்கு. .32 பிஸ்டல் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

நம் படைகளில் பலருக்குக் கை பழகியது இஷாப்பூரில் செய்த 9 மி.மீ. 1ஏ. ப்ரௌனிங் ஹை பவர் வழி வந்தது, மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 13 ரவுண்டு. அதில் ஹேமர், அதாவது அடிக்கும் சுத்தி, பின்னால் தெரியும். மடங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட க்ளாக் 17 போன்றவற்றில் அந்த அடையாளம் கிடையாது. ஸ்ட்ரைக்கர், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குள் பாதி இழுபட்டு நிற்கும், மீதியை டிரிகர் இழுத்து விடுவிக்கும். கட்டைவிரலுக்கு சேஃப்டி இல்லை, வெளியே தெரிவது டிரிகர் நடுவில் சின்ன நாக்கு ஒன்றுதான். பிஸ்டல் என்ன நிலையில் இருக்கிறது என்று அதுவாகச் சொல்லாது. நாம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் கேள்வி: சேம்பர், அதாவது தோட்டா வெடிக்கும் அறை, காலியா? மேகசினை எடு, பிறகு ஸ்லைடை இழு, பூட்டி நிறுத்து, கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தடவு. இந்த வரிசை மாறக்கூடாது. ஒரு முகாமில் என் கண் முன்னால் ஒருவர் முதலில் ஸ்லைடை இழுத்தார். சேம்பரில் இருந்த ரவுண்டு வெளியே விழுந்தது, அடுத்தது உள்ளே ஏறியது. அதன் பிறகு மேகசினைக் கழற்றிவிட்டுக் காலி என்று நினைத்துக்கொண்டார். க்ளாக்கைப் பிரிக்க டிரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அழுத்தினார். மணல் பெட்டிக்கு நேராகப் பிடித்திருந்ததால் ஒரு உயிர் தப்பியது. இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்குக் காதில் இருக்கிறது. அதனால்தான் இதற்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன்.

இனி தோட்டா இல்லாமலே பார்க்க வேண்டியது. நிஜ ரவுண்டு எதுவும் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. டிரிகரை மெதுவாக இழுத்தால் முதலில் தளர்வாக வரும், பிறகு சுவர் போல ஒரு இடத்தில் முட்டும், அதைத் தாண்டினால் விடுபடும். விடுபடும் இடம் ஒவ்வொரு தடவையும் அதே இடம்தானா என்று பார். ஸ்பிரிங் தராசை மாட்டிப் பத்து தடவை இழுத்து எழுதிக்கொள். க்ளாக்கில் சுமார் இரண்டரை கிலோ காட்டும். எண் எத்தனை என்பதைவிட பத்தும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். டிரிகரை அழுத்தியபடியே ஸ்லைடை இழுத்துவிட்டு, விரலை மெல்லத் தளர்த்து. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் விரலிலேயே தெரியும். அதுதான் ரீசெட். அது மங்கலாக இருக்கும் பிஸ்டலில் வேகமாகச் சுடும்போது விரல் தடுமாறும்.

பென்சில் சோதனை ஆர்மரர்களின் பழைய கைவேலை. பிஸ்டலை மேலே பார்த்துப் பிடித்து, ரப்பர் வைத்த பென்சிலை, ரப்பர் கீழே இருக்கும்படி பேரலுக்குள் இறக்கி, டிரிகரை அழுத்து. பென்சில் துள்ளி வெளியே வர வேண்டும். சோம்பலாக எழும்பினால் ஸ்ட்ரைக்கர் பாதையில் அழுக்கோ எண்ணெயோ இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அந்தப் பாதையில் எண்ணெய் விடவே கூடாது. ஆனி, ஆடிக் காற்றில் ராதாபுரம், திசையன்விளை பக்கம் தேரிச் செம்மணல் பறக்கும்போது அங்கே எண்ணெய் இருந்தால் இரண்டும் சேர்ந்து குழம்பாகிவிடும். காற்றடிக்கும் நாளில் ஒரு தடவை சுட்டுப் பார்க்கச் சொல்வேன். பிஸ்டல் தூரத்துக்குக் காற்று தோட்டாவைத் தள்ளாது. ஆனால் தூசி உள்ளே போகும், நீட்டிய கை ஆடும். அதையும் பிஸ்டல் தாங்கியாக வேண்டும்.

ரேஞ்சுக்குப் போகுமுன் மேகசின்களுக்குப் பெயிண்டால் 1, 2, 3 என்று எண் போடு. தடங்கல் வந்தால் பிஸ்டலைத் திட்டுவதற்கு முன் எந்த மேகசின் என்று பார்க்க இது வேண்டும். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி. 15 மீட்டரில் மணல் மூட்டை மேல் கையை ஊன்றி ஐந்து ஐந்தாக நாலு குரூப். ஒவ்வொரு குரூப்பின் ஐந்து துளைகளும் உள்ளங்கைக்குள் அடங்கினால் பணிக்குப் போதும் என்பது என் கணக்கு. குரூப் இறுக்கமாக இருந்து இடம் மட்டும் தள்ளியிருந்தால் பெரும்பாலும் குறி பார்க்கும் சைட்டைச் சரிசெய்தால் தீரும். வேறொரு ஆளும் சுட்டுப் பார்க்கட்டும். இருவருக்கும் ஒரே பக்கம் போனால் கோளாறு கையில் இல்லை.

பிறகு 200 ரவுண்டு, நடுவில் துடைக்காமல். இங்கேதான் பொறுமை வேண்டும். முதல் ஐம்பது ரவுண்டுக்கு எந்தப் பிஸ்டலும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

சுட்ட தோட்டாவின் காலி கேஸ் ஸ்லைடு வாயில் நிமிர்ந்து மாட்டினால் முதலில் மணிக்கட்டு தளர்கிறதா பார், பிறகு கேஸைக் கொக்கி போலப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை. கடைசி ரவுண்டுக்குப் பின் ஸ்லைடு பின்னால் நிற்கவில்லையா? கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் மேல் உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் மேகசின் ஸ்பிரிங். டிரிகர் அழுத்தியும் வெடிக்காவிட்டால் இலக்கை நோக்கியே முப்பது விநாடி பிடித்திரு, தாமதமாகவும் வெடிக்கலாம். சத்தம் 'டப்' என்று சோகையாக வந்தால் அடுத்த ரவுண்டு கூடவே கூடாது. தோட்டா பேரலிலேயே நின்றிருக்கலாம். பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

சுட்டு முடிந்ததும் கணக்கு கொடுக்கக் காலி கேஸ்களைப் பொறுக்குவோம். பையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார். க்ளாக்கின் ஸ்ட்ரைக்கர், கேஸ் அடியில் இருக்கும் பிரைமரில் நீள்வட்டமாகத் தடம் விடும். அது நடுவில், ஒரே ஆழத்தில் இருக்கிறதா? முதல் மேகசினின் கேஸையும் கடைசி மேகசினின் கேஸையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வை. போகப் போகத் தடம் ஆழம் குறைந்திருந்தால் நாளைக்கு வெடிக்காமல் போகப்போகும் பிஸ்டல் அது. பித்தளை விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் கடித்த இடம் கிழிந்திருக்கிறதா என்றும் பார்.

கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் டீயைத் தொடாதே, ஈயம் ஒட்டியிருக்கும்.

ஆவணி கடைசியில் அவனிடமிருந்து போன் வந்தது. நாலு பிஸ்டல் சுட்டானாம். மூன்று சுத்தம். நாலாவதில் ஆறு தடவை ரவுண்டு ஏறாமல் நின்றிருக்கிறது, ஆறும் 3-ஆம் எண் மேகசின். அதை வேறு பிஸ்டலில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். "போட்டேன் மாமா, அதுலயும் நின்னுட்டு." பிஸ்டலை வைத்துக்கொண்டு மேகசினைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.