அலுமினியப் படகுக்குச் சத்தம் குறைந்த பழைய எஞ்சின் வாங்குவது எப்படி?

கனடாவில் இருக்கும் மாமா தன்னுடைய 14 அடி அலுமினியப் படகைக் கொள்கலனில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். எஞ்சின் இல்லாமல்தான் வந்தது. விடியப்புறம் மண்டைதீவுப் பக்கம் மெதுவாக ஓடி, பூநாரைகளைக் கலைக்காமல் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேகம் தேவையில்லை, சத்தம் குறைந்த எஞ்சின் வேண்டும். இரண்டு மாதம் அலைந்து கற்றுக்கொண்டதை, முதன்முதலாக எஞ்சின் வாங்குபவர்களுக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் படகை அளவுங்கள். எஞ்சின் பூட்டும் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை அளந்தால் ஏறத்தாழ 15 அங்குலமோ 20 அங்குலமோ வரும். 15 என்றால் குட்டைக்கால் எஞ்சின், 20 என்றால் நெட்டைக்கால். கால் என்பது எஞ்சினிலிருந்து புரொப்பெல்லரோடு தண்ணீருக்குள் இறங்கும் பகுதி. நான் இதை அளக்காமல், மலிவாகக் கிடைத்தது என்று என் 15 அங்குலப் பின்பலகைக்கு நெட்டைக்கால் எஞ்சின் ஒன்றை எடுத்து வந்தேன். பண்ணைக் கடலில் இறக்கிய முதல் நாளே கால் சேற்றை உழுது, சாதாழை என்ற கடற்புல்லைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர் உள்ள எங்கள் களப்பில் அந்த ஐந்து அங்குலம் பெரிய விஷயம்.

வலுவைப் பற்றி அதிகம் யோசிக்கவேண்டாம். 14 அடிப் படகில் இரண்டு மூன்று பேர் போக 6 முதல் 10 குதிரைவலு போதும். எவ்வளவு வலு வரை பூட்டலாம் என்று சொல்லும் அளவுத் தகடு படகில் இருந்தால் அதில் உள்ள எண்ணைத் தாண்டாதீர்கள்.

அடுத்தது எந்த வகை என்பது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தெரிவு சுலபம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் குலுங்கும், அந்தக் குலுக்கம் பின்பலகை வழியாக இறங்கினால் அலுமினியம் தகரப்பீப்பாய் போல முழங்கும். பைபர் போட்டில் இவ்வளவு தெரியாது. அதனால் இரண்டு சிலிண்டர் உள்ளதாக, எஞ்சினுக்கும் பூட்டும் கவ்விக்கும் இடையில் றப்பர் தாங்கிகள் உள்ளதாகப் பாருங்கள். புகை தண்ணீருக்கு அடியில் வெளியேறவேண்டும். ஆனாலும் மெதுவாக ஓடும்போது கொஞ்சப் புகை தண்ணீருக்கு மேலே இருக்கும் சிறு துளையால் வரும். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் படபடப்பு அங்கேதான் கேட்கும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் தொழிலுக்கு நல்லது, என் தேவைக்குச் சரிவராது. அது முதலில் பெற்றோலில் தொடங்கிச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறும். மெதுவாகவே ஓட்டினால் கரி பிடிக்கும்.

போர் ஸ்ட்ரோக் (4-stroke) எஞ்சின் மெதுவோட்டத்தில் அமைதியானது. ஹொண்டா 1964இலேயே அப்படி ஒன்றை வெளியிட்டது. ஆனால் அதே வலுவுள்ள டூ ஸ்ட்ரோக்கைவிட அது பொதுவாகப் பாரம் கூட. 1974இல் ஜோன்சன், எவின்ரூட் என்ற பெயர்களில் வந்த 9.9 குதிரைவலு இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எனக்கு மிகவும் பிடித்தது. இவற்றைச் செய்த கம்பெனி 2000ஆம் ஆண்டின் கடைசியில் வங்குரோத்தானது, எவின்ரூட் தயாரிப்பும் 2020இல் நின்றுவிட்டது. ஆகவே பணம் கொடுக்க முன் உதிரிப்பாகம் எங்கே எடுப்பது என்று கேட்டுவையுங்கள். யமகா, சுசுக்கி என்றால் இங்கே கரையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் எஞ்சினுக்கு அதுவே புத்தி.

சரி, எஞ்சினைப் பார்க்கப் போகிறீர்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நான் குருநகரில் ஒரு வயதான ஐயாவைக் கூட்டிப் போனேன். அவர் கயிற்றை இழுக்கவில்லை, மூடியைக் கழற்றிச் சிலிண்டரில் உள்ளங்கையை வைத்தார். “தம்பி, இது முதலே சுடுது. ஆறட்டும், பிறகு பார்ப்பம்” என்றார். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுவையில் பிடிக்கிறது என்பதுதான் பரீட்சை. காத்திருந்த நேரத்தில் கியர்ப் பெட்டியின் அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டை விரலில் எடுத்தார். பால்விட்ட தேத்தண்ணி நிறம். “சீல் பழுதாப் போச்சு, தண்ணி உள்ள போகுது” என்றார். அந்த எஞ்சினை விட்டுவிட்டு வந்தோம்.

சிலிண்டர்களின் அமுக்கத்தையும் (கம்பிரஷன்) அளவுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். பிளக்கைக் கழற்றி நெருப்புப் பொறி வருகிறதா என்றும் பாருங்கள். புரொப்பெல்லர் இலை வளைந்திருந்தால் அதுவே அதிர்வைத் தரும்.

தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் காட்டச் சம்மதிக்காதீர்கள். குளிர்த்தும் பம்பின் றப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் ஓட்டிப் பார்ப்பது எஞ்சினின் சுகத்தைச் சொல்லும், சத்தத்தைச் சொல்லாது. அதற்கு உங்கள் படகிலேயே பூட்டி, சோளகக் காற்று எழும்ப முன் காலையில் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் கரையில் நின்று கேட்கட்டும்.

பூட்டும்போது கவ்விக்கும் பின்பலகைக்கும் இடையில் தடித்த றப்பர் துண்டு வையுங்கள், தளத்தில் றப்பர் விரிப்புப் போடுங்கள். என் படகில் பாதி முழக்கம் இதிலேயே அடங்கியது. புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடியோடு மட்டமாகவோ ஓரங்குலம் கீழேயோ நிற்கட்டும். உப்புத் தண்ணீரில் அலுமினியத்தை அரிப்பு தின்னும், எனவே அந்த அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள எஞ்சினில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்தவுடன் மாற்றவேண்டும். படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் செப்புக் கலந்த பூச்சு அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் ஐந்து பத்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள்.

ஒயில் விஷயத்தில் கவனம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் ஒயிலைப் பெற்றோலில் கலக்கவேண்டும். 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய ஜோன்சன், எவின்ரூட் பலவற்றுக்கு 24 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில், பிந்தியவற்றுக்குப் பொதுவாக 50க்கு ஒன்று. டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று எழுதிய படகு ஒயிலையே வாங்குங்கள், மோட்டார் சைக்கிள் ஒயில் வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்கு முன் இம்பெல்லரைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பல பழைய எஞ்சின்களில் புரொப்பெல்லர் கல்லில் மோதினால் சின்ன ஆணி ஒன்று முறிந்து கியரைக் காப்பாற்றும். அதில் இரண்டும் ஒரு குறடும் படகிலேயே இருக்கட்டும், மரக்கோலும் கூடவே.