கிட் இண்டெக்ஸ்ல ஃபோல்டரையும் ஃபைலையும் கம்பேர் பண்றது எப்படி

சொந்தமா ஒரு குட்டி கிட் (கோட் மாற்றங்களைச் சேமிச்சு வைக்குற டூல்) எழுதிப் பாக்குறவங்க ப்ளாப் (ஃபைலோட உள்ளடக்கம்) எல்லாம் சட்டுனு முடிச்சிடுவாங்க, ட்ரீ (ஒரு ஃபோல்டர்ல இருக்குற பேர்களோட லிஸ்ட்) கிட்ட வந்ததும் மாட்டுவாங்க, நம்ம ஹாஷ் (உள்ளடக்கத்துலருந்து கணக்கு பண்ற அடையாள எண்) ஒண்ணு வரும் கிட் வேற ஒண்ணு காட்டும். முதல்ல சார்ட் ஆர்டரை சந்தேகப்படுங்க. (அது சரியா இருந்தா மோடைப் பாருங்க, அதாவது ஃபைலா ஃபோல்டரான்னு சொல்ற நம்பர், கிட் எல்எஸ்-ட்ரீ கமாண்ட் ஃபோல்டருக்கு 040000னு காட்டினாலும் உள்ள எழுதுறது 40000 தான்.)

இண்டெக்ஸ்ல (அடுத்த கமிட்டுக்குத் தயாரா இருக்குற ஃபைல்களோட லிஸ்ட்), ஃபோல்டரையே ஒரு என்ட்ரியா வைக்குற ஸ்பார்ஸ் இண்டெக்ஸை விட்டுட்டா, ஃபோல்டருக்குன்னு தனி என்ட்ரி கிடையாது, முழு பாத் மட்டும்தான், பைட் பைட்டா சார்ட் ஆகி இருக்கும், பாத் ஒண்ணா இருந்தா ஸ்டேஜ் நம்பர் (மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்ல எந்தப் பக்கத்து ஃபைல்னு சொல்றது) முடிவு பண்ணும். படம்னு ஒரு ஃபோல்டர், பக்கத்துலயே படம்-பழசு, படம்.சி, படம்0 னு மூணு ஃபைல் இருக்குன்னு வைங்க. இண்டெக்ஸ்ல வர்ற வரிசை:

படம்-பழசு
படம்.சி
படம்/அ.சி
படம்0

ஏன்னா பைட் மதிப்புல "-" 45, புள்ளி 46, / 47, 0 வந்து 48. ஆனா ட்ரீல பேரு வெறும் "படம்" தான், அப்படியே சார்ட் பண்ணா அது முதல்ல போய் உக்காந்துக்கும், அப்புறம் ட்ரீயையும் இண்டெக்ஸையும் ரெண்டு பாயிண்டர் வச்சு ஓட்டினா இருக்குற ஃபைலையே டெலிட் ஆச்சு, புதுசா வந்துச்சுன்னு சொல்லும். அதனாலதான் கிட் ஃபோல்டர் பேருக்குப் பின்னாடி ஒரு / இருக்குறதா நினைச்சு கம்பேர் பண்ணுது.

எழுதுறது சுலபம். ரெண்டு பேர்ல சின்னது எவ்வளவு நீளமோ அவ்வளவு பைட் கம்பேர் பண்ணுங்க, வித்தியாசம் இருந்தா அதோட முடிஞ்சுது. இல்லன்னா அடுத்த பைட்டை எடுங்க, பேரு முடிஞ்சு போயிருந்தா ஃபோல்டருக்கு /, ஃபைலுக்கு மதிப்பு 0 ("0"ங்கிற எழுத்து இல்ல). சப்மாட்யூல் (உள்ள வச்சிருக்குற இன்னொரு கிட் ரெப்போ, மோட் 160000) டிஸ்க்ல ஃபோல்டரா தெரிஞ்சாலும் இங்க ஃபைல் கணக்குதான், / போடாதீங்க. பைட் அன்சைன்டா இருக்கணும், ஜாவால எழுதுறவங்க கவனிங்க, தமிழ் எழுத்து யூடிஎஃப்-8ல 224ல ஆரம்பிக்கும், சைன்ட் பைட்ல அது -32 ஆகி இங்கிலீஷ் பேருக்கெல்லாம் முன்னாடி போயிடும்.

இப்பதான் உண்மையான தலைவலி. ஒரு பிராஞ்ச்ல படம் ஃபைல், இன்னொண்ணுல படம் ஃபோல்டர். மேல சொன்ன ஆர்டர்ல ஃபைல் முதல்ல, ஃபோல்டர் படம்.சிக்கு அப்புறம், ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது. மெர்ஜ் பண்றப்போ ரெண்டையும் சேர்த்துப் பாக்கணுமேன்னு கிட் சோர்ஸ்ல டிஎஃப் நேம் கம்பேர்னு இன்னொரு ஃபங்ஷன் இருக்கு, அது ஒரே பேர்ல இருக்குற ஃபைலையும் ஃபோல்டரையும் சமம்னு சொல்லிடும். ஆனா இதை வச்சு சார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, ஃபைல் படம்.சியை விட சின்னது, ஃபோல்டர் அதை விட பெருசு, ஆனா ரெண்டும் சமம்னா சார்ட் என்னதான் பண்ணும்? ட்ரீ வழியா நடந்துபோறப்போ கான்ஃப்ளிக்ட் கண்டுபிடிக்க மட்டும் வச்சுக்கோங்க. இண்டெக்ஸ்ல படம்னு ஃபைல் சேர்க்கும்போது "படம்/" னு பைனரி சர்ச் பண்ணுங்க, ஃபோல்டர் இருந்தா அதோட முதல் ஃபைல்ல போய் நிக்கும்.

செக் பண்ண கிட் எஃப்எஸ்சிகே ஓட்டுங்க, ட்ரீ சார்ட் ஆகலன்னா எர்ரர் வரும். அதே என்ட்ரிகளை கிட் எம்கேட்ரீக்கு (mktree) குடுத்தா அதுவே சார்ட் பண்ணி ஹாஷ் தரும், உங்களோடதோட ஒத்துப் பாத்துக்கலாம். தமிழ்ப் பேரு \340\256னு வந்தா பயப்படாதீங்க, கோர்.க்வோட்பாத் (core.quotePath) செட்டிங்கை ஃபால்ஸ் பண்ணா போதும்.