தத்துப்பிள்ளையோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செய்யக் கூடாத தவறுகள்

2018-இல் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தேன். "பிக்மி நம்பர் சொல்லுங்க" என்றார் அங்கிருந்தவர். கர்ப்பிணிகளுக்குப் பதிவின்போது கொடுக்கும் எண் அது. என்னிடம் ஏது? "இல்லம்மா" என்றேன். "பெத்தப்ப பதியலையா? எந்த ஆஸ்பத்திரி? பிறந்த எடை எவ்வளவு?"

பின்னால் இருபது பேர் நின்றார்கள். பதற்றத்தில் பிள்ளை எங்கே கிடைத்தாள், எந்தக் குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள் என்பது வரை மளமளவென்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி "அய்யோ, பெத்தவ எங்க இருக்காளோ" என்று அவள் கன்னத்தைத் தடவினார். மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அன்று ஊசியும் போடவில்லை. "பிறந்த ஊர்ல கேட்டு வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

சொல்லத் தேவையில்லாததைச் சொன்னேன், எழுதிக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து வள்ளியூர் வரை எனக்குத் தெரிந்த தத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டையும் செய்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையின் கதை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, தத்து உத்தரவு வந்த நாளிலிருந்து பிள்ளை நமக்குப் பிறந்த பிள்ளை மாதிரிதான், எல்லா விஷயத்துக்கும். பாதுகாப்புக்கு வந்த குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் நாமே என்பதால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கதை பிள்ளையுடையது. அவள் வளர்ந்து, யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவளே முடிவு செய்யட்டும். கவுண்டரில் இவ்வளவு போதும்: "பிக்மி எண் இல்லை. இது பிறப்புச் சான்று, இது ஊசி அட்டை. விட்டுப்போனதைப் போடுங்க." அட்டையே இல்லாத பிள்ளைக்கும் வயதுக்கேற்ப விட்டுப்போன ஊசிகளைப் போடும் முறை தேசியத் தடுப்பூசி அட்டவணையிலேயே இருக்கிறது. இடது தோளில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருக்கிறதா என்று பார்த்தாலே ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஆனால் கவுண்டர் வேறு, டாக்டர் அறை வேறு. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மகளுக்கு நாலு வயதில் மூச்சிரைப்பு வந்தது. "குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "எங்க மாமாவுக்கு இருக்கு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் அதையும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: என் மாமாவின் நுரையீரலுக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? மறுநாள் திரும்பப் போய் அதை அடிக்கச் சொன்னேன். தத்தெடுத்ததை மறைக்க வேண்டும் என்று நம் குடும்ப நோய்களைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். "பரம்பரை விவரம் தெரியாது, டாக்டர். தத்தெடுத்த பிள்ளை" என்று கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் மட்டும் சொல்லுங்கள். பிள்ளை கேட்கும் வயதென்றால் வார்த்தையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இல்லத்தில் கொடுக்கும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையைப் பீரோவில் பூட்டி வைப்பதும் தவறுதான். பிள்ளையை ஏற்பதற்கு முன்பே அதை நமக்குப் பிடித்த ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்க விதி இடம் தருகிறது. போட்டோவைப் பார்த்ததும் மனசு போய்விடும், அறிக்கையைப் படிக்கத் தோன்றாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. படித்துவிட்டு ஏற்றுக்கொள்வது பிள்ளைக்கும் நல்லது. வீட்டுக்கு வரும்போதே எந்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு சின்ன உதாரணம். ஒன்றரை வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு எச்ஐவி ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால், அது பெற்ற தாயின் உடம்பிலிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனையில்தான் உறுதியாகும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) வழி கேட்கலாம். இது தெரியாமல் ஒரு குடும்பம் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இதோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஆஸ்பத்திரில தெரிஞ்ச ஒருத்தர் மூலமா பிள்ளை கிடைக்கும், பிறப்புச் சான்றும் உங்க பேர்லயே போட்டுத் தருவாங்க" என்று யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முறை தவறித் தத்தெடுத்தால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையை விற்பதிலும் வாங்குவதிலும் ஆஸ்பத்திரி ஊழியரே ஈடுபட்டால் 81-ஆம் பிரிவில் மூன்று முதல் ஏழு வருஷம் வரை. பிள்ளையைக் கொடுக்க நினைக்கும் தாய் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் குழந்தைகள் நலக் குழுவிடம் கூட்டிப்போங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். அங்கே கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாற அவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு.

பிள்ளை வந்த பிறகு இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு வீட்டைக் கழுவி, பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, அல்வா வாங்கி வைத்து, "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்புகிறோம். குறை சொன்னால் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நாங்களும் முதல் இரண்டு முறை மறைத்தோம். மகள் இரவில் அலறி எழுவதையும், பேச்சு வராததையும் சொல்லவில்லை. மூன்றாவது வருகையில்தான் அழுதுகொண்டே சொன்னேன். ஒட்டுதல் வர நாள் பிடித்தால் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வது தத்துக் கொடுத்த நிறுவனத்தின், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கடமை. நாம் சொன்னால்தான் அறிக்கையில் ஏறும். அறிக்கையில் இருந்தால்தான் பின்னால் "ஏன் செய்யவில்லை" என்று கேட்க முடியும். பேச்சு, நடை, கேட்பு ஆகியவற்றில் தாமதம் தெரிந்தால் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமான தேசியத் திட்டம் அது.

அப்புறம் காகிதங்கள். எங்கள் காலத்தில் தத்து உத்தரவு கோர்ட்டில் வந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியர்தான் கொடுக்கிறார். உத்தரவு வந்ததும் பிறப்புச் சான்று, ஆதார், அதன் பிறகு ரேஷன் கார்டு என்று வரிசையாக முடித்துவிடுங்கள். ரேஷன் கார்டில் பேர் ஏற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அதற்குக் குடும்பத்தைக் கணக்கெடுப்பது ரேஷன் கார்டை வைத்துத்தான். பிள்ளை அட்மிட் ஆன பிறகு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு ஓடுவது கொடுமை.

சரி, சேவை மறுக்கப்பட்டால் யாரைக் கேட்பது? எல்லாவற்றுக்கும் கலெக்டர் என்று எழுதினால் மனு சுற்றிச் சுற்றி வரும். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். மாநகராட்சி சுகாதார நிலையம் என்றால் மாநகர் நல அலுவலர். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர். ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) என்றால் டீன். தத்து சம்பந்தமான சேவை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். இன்னொன்று: 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. சங்கரன்கோவில்காரர்களும் கடையநல்லூர்காரர்களும் இன்னமும் பழக்கத்தில் கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸுக்கு வந்து நிற்கிறார்கள். அவர்களுடைய மனு தென்காசி கலெக்டருக்குப் போக வேண்டியது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தாலும், முதல்வரின் உதவி எண் 1100-இல் சொன்னாலும், மனு எண்ணை வாங்காமல் நகராதீர்கள்.

மனுவில் கண்ணீரைக் கொட்டி நாலு பக்கம் எழுதுவது அடுத்த தவறு. தேதி, நேரம், ஓபி சீட்டு எண், என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும். அரைப் பக்கம் போதும். பிள்ளை தத்து என்பதை அது தேவைப்படும் மனுவில் மட்டும் ஒரு வரி எழுதுங்கள். சாலை, குடிநீர் என்று வேறு குறைகளையும் அதிலேயே சேர்க்காதீர்கள். உள்நோயாளியாக இருந்த மருத்துவப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 விதிமுறை சொல்கிறது.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். அதில் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். "என் மனு எண் இன்னதின் மீது எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பின் நகல் தருக" என்று கேளுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு என்று வந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ரிட் மனு. அதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மூன்று புதன்கிழமை வாயால் கேட்டுத் திரும்பி வந்தேன். "எதுக்கும்மா எழுதிக் குடுத்து பகைச்சுக்கிட்டு" என்று அத்தை தடுத்தார். நாலாவது வாரம் அரைப் பக்கம் எழுதி மேலதிகாரிக்குக் கொடுத்து, ஜெராக்ஸில் சீல் வாங்கிக்கொண்டேன். பத்து நாளில் கிராம சுகாதார நர்ஸே போன் செய்தார். அடுத்த புதன்கிழமை புது அட்டை போட்டார். பிக்மி எண்ணுக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, தாயின் பெயர் என்ற இடத்தில் என் பெயரைக் கேட்டு எழுதினார். மகளுக்கு ஊசி போட்டபோது அழுதாள். ஊசி போட்ட இடத்தில் வைத்த பஞ்சை வீடு வரும்வரை விடவே இல்லை.