‘கொஞ்சம் பாத்து முடிச்சிடுங்க’ என்று வேலை சொல்லாதீர்கள்

ஆட்டிசம் (பேசிப் பழகும் விதமும் சத்தம், வெளிச்சத்தை உணரும் விதமும் வேறுபடுவது), ஏடிஹெச்டி (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதில் சிரமம்), டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) உள்ளவர்களை வேலைக்கு வைத்திருக்கும் சேலத்து முதலாளிகள் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்கள்தான். சிக்கல் வேலை சொல்லும் விதத்தில் இருக்கிறது. வெள்ளிப் பட்டறையோ கம்ப்யூட்டர் ஆபீஸோ, பாதி விஷயத்தை வாயால் சொல்லி மீதியை அவர்களே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டே பழகிவிட்டோம்.

“அந்த பில்லை எல்லாம் கொஞ்சம் பாத்து முடிச்சிடுங்க” என்கிறார் மேனேஜர். எந்த பில்? எதைப் பார்க்க வேண்டும்? எப்போதைக்குள்? கூடவே இருந்து பழகியவர் ஊகித்துக்கொள்வார். ஆட்டிசம் உள்ள பலர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள். திருப்பிக் கேட்டால் திட்டு விழுமே என்று கேட்காமலும் இருந்துவிடுவார்கள். சாயங்காலம் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற பேச்சு வரும்.

அதையே இப்படி எழுதி அனுப்பிப் பாருங்கள்: “ஜூன் மாத பில் எல்லாவற்றிலும் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததற்கு ஷீட்டில் மஞ்சள் நிறம் போடுங்கள். 4 மணிக்குள் எனக்கு மெயில் அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் என்னையே கேளுங்கள்.” நாலே வரி. ஏடிஹெச்டி உள்ளவருக்கும் இதுதான் உதவும். ஐந்து வேலையை ஒரே மூச்சில் வாயால் சொன்னால் இரண்டு மூன்று மனதில் நிற்காமல் நழுவிவிடும். அதைச் சோம்பேறித்தனம் என்று முத்திரை குத்துவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

சரி, எல்லாவற்றையும் எழுதிவிட்டால் போதுமா என்றால், போதாது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு நீளமான மெசேஜைப் படிப்பது சிரமம். வாய்ஸ் நோட் வந்தால் நிம்மதி. பக்கத்து மேஜைக்காரருக்கோ காதில் விழுவதை உடனே பிரித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். நாலு நிமிஷ வாய்ஸ் நோட்டில் டெலிவரி தேதி எங்கே வருகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவருக்கு நல்லது மற்றவருக்குத் தொல்லை. அதனால் ‘இனி வாய்ஸ் நோட் கூடாது’ என்று பொதுவாகச் சட்டம் போடுவதும் தவறுதான். வாய்ஸ் நோட் போட்டால் கீழேயே தேதி, அளவு, பொறுப்பாளர் மூன்றையும் டைப் செய்துவிடுங்கள். குட்மார்னிங் படங்களுக்குத் தனி குரூப் வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினால், பதில் காலையில் போதும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம் இன்டர்வியூ. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்றதும் திணறினார் என்று ஆளை ஒதுக்குகிறார்கள். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-ல் எழுதியது இங்கே பொருந்தும்: புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, மற்றவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. கொலுசு ஆர்டர் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் ஒரு ஆர்டர் ஷீட்டைக் கொடுத்து, தவறு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேள்விகளை முதல் நாளே அனுப்பிவையுங்கள். அதே சமயம், ஆட்டிசம் என்றாலே கணக்குப் புலி என்று எதிர்பார்ப்பதும் வேண்டாம்.

சத்தத்தை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. விசைத்தறிக் கூடத்துச் சத்தம் யார் காதுக்குமே கேடு. ஆபீஸிலோ டியூப்லைட்டின் ரீங்காரமும் ஸ்பீக்கரில் ஓடும் போன் பேச்சுமே சிலரை மதியத்துக்குள் களைக்க வைத்துவிடும். ஹெட்போன் போடுவதை மரியாதைக் குறைவாகப் பார்க்காதீர்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயத்தில் ஜவுளிக்கடைக் கூட்டமும் மேளமும் வெடியும் சேர்ந்துகொள்ளும். ஷிஃப்ட் மாற்றத்தை முன்கூட்டியே சொல்லி, பத்து நிமிஷம் தனியே உட்கார ஸ்டாக் ரூமில் ஒரு நாற்காலி போட்டால் செலவே இல்லை.

ஏற்காடு டூருக்கும் இதே கதைதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவரிடம் திடீரென்று மைக்கை நீட்டிப் பாடச் சொல்வது, ஒதுங்கி நின்றால் ‘கலகலப்பா இல்ல’ என்று கேலி செய்வது இரண்டும் வேண்டாம். நிகழ்ச்சி நிரலை முன்பே கொடுங்கள். வராதவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

கடைசியாக, ‘மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இருக்கா?’ என்ற கேள்வி. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைகள்தான் இருந்தன. ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் அதில் இல்லை. 2016 சட்டம் அவற்றைச் சேர்த்து 21 வகையாக்கியது. ஏடிஹெச்டி இன்னும் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆகவே இன்று நடுவயதில் இருக்கும் பலர் எந்தப் பெயரும் தெரியாமல், ‘ஒரு மாதிரி ஆளு’ என்ற பேச்சை வாங்கிக்கொண்டே வளர்ந்தவர்கள். அரசு இடஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் கேட்பது நியாயம். ஹெட்போனுக்கும் எழுத்தில் வரும் நாலு வரிக்கும் எதற்கு? அந்த 2016 சட்டப்படி தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். அதில் இந்த வசதிகளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று எழுதிவிடுங்கள். ஒருவர் தன் நிலையை நம்பிச் சொன்னால், குரூப்பில் போட்டு ‘எல்லாரும் அனுசரிச்சுப் போங்க’ என்று அறிவிக்காதீர்கள். யாரிடம் சொல்லலாம் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.