கறுப்புக் குப்பியை எடுத்து ஒளித்து வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வளவுப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். பாளையங்கோட்டையில் பழைய வீடு. தார்சாவில் பாய் விரித்தால் எட்டுப் பேர் உட்காரலாம். போன மாசியில் ஒரு பையன் வேப்பமரத்தடியில் நின்ற சைக்கிளை வரைந்தான். சக்கரக் கம்பி, கேரியரில் தொங்கிய பால் கேன், எல்லாம் அருமையாக வந்திருந்தது. அப்புறம் நிழல் போடக் கறுப்புக் குப்பியைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் படமே செத்துப்போனது.

"ஏம்ல கறுப்பு?" என்றேன்.

"நெழலுன்னா கறுப்புதான அத்தை."

இதை வாயால் சொல்லித் திருத்த முடியாது. அன்றைக்கே விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாரையும் திரும்ப வரச் சொல்லி ஒரு சோதனை செய்து காட்டினேன். படம் வரைய ஆசைப்படுகிற யாரும் தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை செய்துவிட வேண்டும் என்பேன்.

வேண்டியது நான்கே பொருள்: ஒரு அகல் விளக்கு அல்லது மெழுகுவத்தி, ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், அதை நிற்க வைக்கச் சப்பாத்தி மாவு ஒரு உருண்டை. வானம் தெரிகிற ஜன்னல் பக்கத்தில் மேஜையைப் போடுங்கள். முதல் நாள் நாங்கள் அடுப்படி ஜன்னலில் வைத்துப் பார்த்தோம், சரியாக வரவில்லை. அங்கே வானத்துக்குப் பதில் பக்கத்து வீட்டு மஞ்சள் சுவர்தான் தெரிகிறது. மறுநாள் மாடியில் இருக்கிற மச்சி அறைக்கு மாறினோம், உடனே வந்துவிட்டது.

சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆகட்டும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். தாளின் நடுவில் பென்சிலை நிறுத்துங்கள். ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் ஓர் அடி தள்ளி விளக்கு. இப்போது பென்சிலுக்கு இரண்டு நிழல் விழும், ஒன்று ஜன்னலைப் பார்த்து, மற்றது விளக்கைப் பார்த்து. இரண்டும் ஒரே அளவு கருமையாகத் தெரிகிற வரை விளக்கைக் கொஞ்சம் நகர்த்துங்கள். நகர்த்திவிட்டுச் சும்மா பாருங்கள். ஜன்னல் பக்க நிழல் நீலம். விளக்குப் பக்க நிழல் ஆரஞ்சு. கையில் செல்போன் இருந்தால் கீழே வையுங்கள், அதன் கேமரா நிறத்தைத் தானாகவே திருத்திவிடும். பிள்ளைகள் குனியும்போது தலைமுடியும் தாவணியும் சுடருக்குப் பக்கத்தில் போகாமல் ஒரு பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் ரொம்ப இல்லை, கால் மணி நேரத்தில் வானம் இருட்டிவிடும்.

காரணம் எளிது. விளக்கின் மஞ்சள் ஒளியைப் பென்சில் மறைக்கிற இடத்தில் வானத்தின் ஒளி மட்டும் விழுகிறது, அதனால் நீலம். வான ஒளியை மறைக்கிற இடத்தில் விளக்கொளி மட்டும். நிழல் என்பது ஒரு விளக்கு போய் இன்னொரு விளக்கு மிஞ்சுகிற இடம்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். வேறொரு தாளைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியாக நீல நிழலை மட்டும் பாருங்கள். நீலம் வெளுத்துப்போகும். குழலை எடுத்தால் திரும்ப வந்துவிடும். பக்கத்தில் இருக்கிற மஞ்சள்தான் கண்ணுக்குள் நீலத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. பாரிஸில் கோபெலின் என்ற திரைச்சீலை நெசவுக் கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளருக்கு, கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்து நூல்களின் நிறம்தான் கறுப்பைக் கெடுத்திருந்தது. அதை ஆராய்ந்து அவர் 1839-இல் எழுதிய புத்தகம் பின்னால் வந்த ஓவியர்களுக்குப் பெரிய துணை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸில் மாறுகிற வெளிச்சத்தைப் பார்த்து வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நிழலுக்கு நீலமும் ஊதாவும் போட்டது இப்படிக் கண்ணால் பார்த்துத்தான். அவர்களில் ஒருவரான ரெனுவாரின் 'ஊஞ்சல்' 1876-இல் வரைந்தது. மரத்தடியில் நிற்கிற பெண்ணின் வெள்ளை உடுப்பில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது, நடுவில் எல்லாம் நீலம். அன்றைய விமர்சகர் ஒருவர் அதை எண்ணெய்க் கறை மாதிரி இருக்கிறது என்று எழுதினார். நம் வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டியோடு ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள், ரெனுவார் சொன்னது சரி என்று தெரியும்.

சரி, இனி வரையலாம். போஸ்டர் கலரில் வெள்ளை, லெமன் எல்லோ, ஆரஞ்சு, கிரிம்சன் என்கிற அடர் சிவப்பு, அல்ட்ராமரைன் என்கிற அடர் நீலம், ஒரு பச்சை போதும். கறுப்பு வேண்டாம். தாளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை, பின்பக்கம். தட்டைத் தூரிகை இரண்டு.

காலை ஆறே முக்காலுக்கு ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருங்கள். பிள்ளைகளை விட்டால் தென்னைமரமும் கோபுரமும்தான் வரைவார்கள். ரெனுவாரின் கூட்டத்தைச் சேர்ந்த மோனே என்ற ஓவியர் 1877-இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குள் போய், இரும்புக் கூரைக்கடியில் எஞ்சின் கக்குகிற புகையைப் படம் படமாக வரைந்தார். அவர் காலத்தில் ரயில் என்றால் புதுசு. நமக்கு ஷேர் ஆட்டோவும் பிளாஸ்டிக் நாற்காலியும் இருக்கின்றன, அவற்றை வரையுங்கள். எஞ்சின் புகைக்குப் பதில் பாய்லர் ஆவி.

பென்சில் கோடு வேண்டாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கடை நான்கைந்து திட்டாகத் தெரியும்: வெயில் பட்ட ரோடு, கடைக்குள் இருட்டு, மாஸ்டரின் சட்டை, வானம். முதலில் அந்தத் திட்டுகளைப் போட்டுவிடுங்கள். இருட்டுக்கு அல்ட்ராமரைனில் கிரிம்சன் ஒரு துளி. வெயில் பட்ட ரோட்டுக்கு வெள்ளையில் ஆரஞ்சும் எல்லோவும் கொஞ்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தேய்த்துக் கலக்காதீர்கள். கலந்தால் சேறுதான் மிஞ்சும். ஆவியையும் வெறும் வெள்ளையாகப் போட வேண்டாம். வெயிலில் எழும்புகிற பாகத்தில் மஞ்சள் சாடை இருக்கும், கூரை நிழலுக்குள் போனதும் நீலம் தட்டும். சிவப்பு நாற்காலிக்குக் கீழே குனிந்து பாருங்கள். நிழலுக்குள்ளே பிளாஸ்டிக்கின் சிவப்பு மங்கலாகக் கசிந்திருக்கும். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், படத்தில் வேறு எது தவறினாலும் அதைத் தவற விடாதீர்கள்.

அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். அதற்குள் வெயில் நகர்ந்து நிழலெல்லாம் இடம் மாறிவிடும். முடியாமல் போனால் அதே படத்தை மத்தியானத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். மறுநாள் காலை, அதே நேரம், அதே பெஞ்ச். சாயங்காலம் போனால் புது அட்டை எடுங்கள், அது வேறு படம்.