தனியார் காப்புறுதி எடுக்குமுன் ஓஹிப் என்ன தருகிறது என்று பாருங்கள்

ஓஹிப் என்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு தரும் மருத்துவக் காப்புறுதி. ஒன்ராறியோவுக்கு வந்து சில வாரங்களிலேயே யாராவது ஒரு காப்புறுதி முகவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். "ஓஹிப் மருந்துக்கும் பல்லுக்கும் தராது, குடும்பத்துக்கு ஒரு திட்டம் எடுத்து வையுங்கோ" என்பார்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம்.

மகனுக்கு ஆஸ்துமா. குளிர் தொடங்கியதும் இன்ஹேலர் வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பெண் ஓஹிப் அட்டையை வாங்கிக்கொண்டு, "பிள்ளைக்குத் தனியார் காப்புறுதி இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்று அந்த அட்டையையும் நீட்டினேன். கணினியில் பதிந்ததும் மறுப்பு வந்தது: ஆஸ்துமா முன்பே இருந்த நோய், அதற்கு இந்தத் திட்டம் பணம் தராது. சரி, ஓஹிப்பில் போடுங்கள் என்றேன். தனியார் திட்டம் இருக்கிற பிள்ளைக்கு அது கிடையாது என்றார். முழுப் பணத்தையும் கட்டி வாங்கி வந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஓஹிப் பிளஸ் பற்றித் தெரிந்தது. 24 வயதும் அதற்குக் குறைவுமான, ஓஹிப் உள்ள எல்லோருக்கும் ஆயிரக்கணக்கான மருந்துகளை மாகாண அரசே இலவசமாகத் தருகிறது. ஆனால் 2019 ஏப்ரலிலிருந்து, தனியார் மருந்துத் திட்டம் இல்லாதவர்களுக்கு மட்டும்தான். உங்கள் திட்டம் அந்த மருந்துக்குப் பணம் தருகிறதா, அதன் வருட வரம்பு (ஒரு வருடத்தில் அது தரும் உச்சத் தொகை) முடிந்துவிட்டதா என்பதையெல்லாம் அரசு பார்க்காது. திட்டம் இருந்தாலே கதவு மூடிவிடும். ஆகவே முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிள்ளைகளைச் சேர்க்காமல் பெரியவர்களுக்கு மட்டும் எடுக்கலாமா என்பதுதான். மருந்து எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு மாகாண அரசின் டிரில்லியம் மருந்துத் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானத்தில் சுமார் 4 சதவீதம் வரையான மருந்துச் செலவை நாம் ஏற்றால், அதற்கு மேல் அரசு பார்த்துக்கொள்ளும். தனியார் திட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். தனியார் முதலில் கட்ட வேண்டும், மிச்சத்துக்குத்தான் டிரில்லியம்.

பல்லிலும் இதே சிக்கல்தான். கனடிய பல் பராமரிப்புத் திட்டம் மத்திய அரசுடையது. குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருக்க வேண்டும், வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும், வேறு பல் காப்புறுதி இருக்கக் கூடாது. நீங்களே காசு கட்டி வாங்கியதும் காப்புறுதிதான். வேலையிடம் தரும் பல் காப்புறுதியை வேண்டாம் என்று விட்டிருந்தாலும், அது இருப்பதாகவே கணக்கு. வருமானம் 70,000 டொலருக்குக் கீழே என்றால், திட்டத்தின் கட்டண அட்டவணைப்படி நோயாளியின் பங்கு எதுவும் இல்லை. வந்த முதல் வருடம் வரிக் கணக்கு இல்லாததால் பலருக்கு இது கிடைக்காது. அந்த இடைவெளிக்குத் தனியார் பல் காப்புறுதி எடுப்பது நியாயம். வரிக் கணக்கு மதிப்பீடு கையில் வந்ததும், அதைத் தொடரத்தான் வேண்டுமா என்று மறுபடி கணக்குப் போடுங்கள்.

இனி, தனியார் திட்டம் எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். "பிரைவேட் இருந்தால் ஸ்பெஷலிஸ்டைச் சீக்கிரம் பார்க்கலாம்" என்று சிலர் நம்பி வாங்குகிறார்கள். ஓஹிப் தரும் வைத்தியர், ஆஸ்பத்திரிச் சேவைகளுக்குத் தனியார் காப்புறுதி விற்க ஒன்ராறியோ சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் இருவர் மட்டும் தங்கும் அறை வேண்டுமென்றால் உதவும், வரிசை மாறாது.

அப்படியானால் யாருக்குத் தேவை? 25 முதல் 64 வயது வரை உள்ள, வேலையிடத்தில் காப்புறுதி இல்லாத, தொடர்ந்து மருந்து எடுக்கிறவர்களுக்கு. அந்த வயதில் மாகாணம் பெரும்பாலும் மருந்துக்குக் காசு தராது. சாதாரணக் கண் பரிசோதனையும் 20 வயதிலிருந்து 64 வரை நம் செலவுதான், நீரிழிவு போன்ற சில நோய்கள் இருந்தால் தவிர. தனியாக வாங்கும் திட்டங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உடல்நிலை பற்றி எதுவும் கேட்க மாட்டார்கள், ஆனால் வருட வரம்பு சின்னது. மற்றதில் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். வரம்பு பெரிது, ஆனால் ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் தராமல் நிறுவனம் ஒதுக்கிவிடலாம். ஒரு வருடப் பிரீமியத்தையும் அந்த வருட வரம்பையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சில திட்டங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. கேள்வித்தாளில் எதையும் மறைக்காதீர்கள்; பிறகு கோரிக்கை வைக்கும்போது பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்பார்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனித் திட்டம் இருந்தால், அவரவர் செலவு முதலில் அவரவர் திட்டத்துக்குப் போகும், மிச்சம் துணையின் திட்டத்துக்கு. பிள்ளைகளுக்கு, தாய் தகப்பனில் யாருடைய பிறந்தநாள் வருடத்தில் முந்தி வருகிறதோ அவருடைய திட்டம் முதலில்.

ஓஹிப்புக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. அந்த மூன்று மாதத்துக்கென்று இன்னும் யாராவது காப்புறுதி விற்க வந்தால், முதலில் மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போய் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். சூப்பர் விசாவில், அதாவது பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான விசாவில், வரும் அம்மா அப்பாவின் நிலை வேறு. அவர்களுக்கு ஓஹிப் இல்லை. குறைந்தது 100,000 டொலருக்கு, ஒரு வருடத்துக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அவர்களுடைய பிரஷர், சீனி வியாதிக்குப் பணம் தர, எத்தனை மாதம் மருந்து மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைக் கையெழுத்துக்கு முன்னால் வாசியுங்கள், விளங்காவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.